படிக்கிறவனுக்குப் பாய் போடும் கடை

பாரிஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, மருமகன் எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். மாமியின் முழங்கால் வலியும், பின்னேர மழையும், உங்கள் கோபமும் கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உடப்புசல்லாவை பஜாரில் உங்கள் கடை வாசலில் எவனாவது பேப்பரை விரித்தால், "வாங்குறியா, இல்ல வாசிக்கிறியா?" என்று ஒரு சத்தம் போடுவீர்களே, அந்தச் சத்தமே கேட்காத கடை ஒன்று இங்கே இருக்கிறது. சத்தம் போடாததோடு விடவில்லை. வாசித்துக் களைத்தவனுக்குப் படுக்கையும் கொடுக்கிறார்கள். பொய் சொல்கிறேன் என்றுதான் நினைப்பீர்கள். மேலே படியுங்கள்.

கடையின் பெயர் ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி. செய்ன் ஆற்றங்கரை, அக்கரையில் நோத்ர தாம் மாதா கோயில். நான் கோப்பை கழுவும் சாப்பாட்டுக் கடையிலிருந்து நடந்தே போய்விடலாம். பகல் சமையல் முடிந்தால் ராத்திரி அடுப்பு பற்றவைக்கும்வரை எங்களுக்கு ஓய்வு. அந்த நேரத்துக்குள் அறைக்குப் போய்த் திரும்ப முடியாது. காப்பிக் கடையில் குந்தினால் காசு. தெருவில் நின்றால், நுவரெலியாவில் நாம் குளிர் என்று சொன்னதெல்லாம் வெறும் பேச்சு என்று விளங்கும். அதனால் இந்தக் கடை மாடிக்குப் போய்விடுவேன். மாடியில் உள்ள புத்தகங்கள் விற்பனைக்கே இல்லை, மாமா. உட்கார்ந்து வாசிக்க மட்டும்தான். உட்கார இடம் கிடைப்பதுதான் பாடு. நல்ல இடமாகப் பார்த்து ஒரு பூனை படுத்திருக்கும். அதை எழுப்ப யாருக்கும் மனம் வராது.

இதை 1951இல் திறந்தவர் ஜார்ஜ் விட்மன் என்ற அமெரிக்கர். சிக்கனத்தில் உங்களுக்கு அண்ணன். முடி வளர்ந்தால் சலூனுக்குப் போகமாட்டார். மெழுகுவர்த்தியைக் கொளுத்தித் தலைமுடியைப் பொசுக்கிவிடுவார். அதைப் படமே பிடித்து வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மனுசன், ஊர்பேர் தெரியாத எழுத்துப் பைத்தியங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தே வைத்தார். அலமாரிகளுக்கு நடுவே கட்டில். வாடகை கிடையாது. கடையில் கொஞ்ச நேரம் கையுதவி செய்ய வேண்டும், நாளைக்கு ஒரு புத்தகம் வாசிக்க வேண்டும், போகும்போது தன் கதையை ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். இதுவரை சுமார் 30,000 பேர் அப்படித் தங்கியிருக்கிறார்களாம். விட்மன் 2011 டிசம்பரில், 98 வயதில் போய்ச் சேர்ந்தார். இப்போது மகள் சில்வியா நடத்துகிறார்.

கலிபோர்னியாவிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். சின்ன இடத்தில் பல பேர், சாமான் வைக்க மூலை கிடையாது, விடிந்ததும் படுக்கையைச் சுருட்டிவிட வேண்டும் என்று சந்தோசம் பொங்கச் சொல்லிக்கொண்டு போனாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு லயத்துக் காம்பராவில் ஏழு பேர் படுத்து எழும்பின நமக்கு இது தெரியாதா? நாளைக்கு ஒரு புத்தகம் என்றதும் கொழுந்து மடுவத்துத் தராசுதான் கண்ணில் வந்தது. கொழுந்து குறைந்தால் அரைநாள் கூலி போடுவதுபோல, வாசிப்பு குறைந்தாலும் அரைப்பேர் போடுவார்களா என்று கேட்க நினைத்தேன். அதை இங்கிலீசில் எப்படிச் சொல்வது? நாம் விட்டு ஓடிவந்த காம்பராவைத் தேடி அவர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். ஒரு வித்தியாசம், மாமா: அவளுக்கு வேண்டாம் என்றால் அடுத்த நாளே போகலாம்.

இந்தக் கடை வருவதற்கு முன்னால் அதே பெயரில் இன்னொரு கடை இருந்தது. 1919இல் சில்வியா பீச் என்ற அம்மா திறந்தது. விட்மனின் மகளுக்கு அந்தப் பெயர்தான். அந்த அம்மா புத்தகத்தை இரவலும் கொடுத்தார். ஒருநாள் ஓர் இளந்தாரி வந்தான். முன்பணம் கட்ட கையில் காசில்லை. "பிறகு கட்டு, இப்போது வேண்டியதை எடுத்துக்கொண்டு போ" என்ற மாதிரிச் சொல்லி அனுப்பிவிட்டார். அவன்தான் ஹெமிங்வே. 1954இல் நோபல் பரிசு வாங்கினான். உங்கள் கல்லாப்பெட்டிக்கு மேலே "கடன் அன்பை முறிக்கும்" என்று எழுதி மாட்டியிருக்கிறீர்களே, அதை இதற்காகக் கழற்ற வேண்டாம். சீனிக்கும் மாவுக்கும் அது சரிதான்.

அந்த அம்மாவிடம் இன்னொரு குணமும் உண்டு: விற்கமாட்டேன் என்றால் விற்கமாட்டார். ஜெர்மன்காரன் பாரிஸைப் பிடித்திருந்த 1941இல் ஓர் அதிகாரி வந்து ஜேம்ஸ் ஜாய்ஸின் ஒரு புத்தகத்தைக் கேட்டான். கடைசிப் பிரதி, தரமாட்டேன் என்றார். கடையையே அள்ளிக்கொண்டு போவேன் என்று மிரட்டினான். ஓரிரு மணி நேரத்துக்குள் புத்தகம், அலமாரி, விளக்கு எல்லாவற்றையும் மேல்மாடிக்கு ஏற்றி, வாசலில் இருந்த பெயரையும் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார். பிறகு அவரைப் பிடித்து மாதக்கணக்கில் முகாமில் வைத்தார்கள். புத்தகம் மட்டும் அகப்படவில்லை.

இங்கே சூப்பர் மார்க்கெட்டுக்காரன் நினைத்தாலும் புதுப் புத்தகத்தை அடிமாட்டு விலைக்கு விற்க முடியாது. பதிப்பாளர் போட்ட விலையில் நூற்றுக்கு ஐந்துதான் குறைக்கலாம். சின்னக் கடைகள் செத்துப்போகக்கூடாது என்று 1981 ஆகஸ்டில் சட்டம் போட்டார்கள். அந்த வருசம் ஜூன் பிறக்கும்போது நம் நாட்டில் யாழ்ப்பாண நூலகம் 97,000 புத்தகங்களோடு எரிந்துகொண்டிருந்தது. இதை எழுதும்போது பகிடி வரவில்லை, விடுங்கள்.

பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் நம் ஆட்களின் கடைகளில் தமிழ்ப் புத்தகமும் கிடைக்கும். இடியப்ப உரலுக்கும் முறுக்குப் பைக்கும் பின்னால் தேட வேண்டும். அங்கேதான் தெளிவத்தை ஜோசப்பின் கதைகள் அகப்பட்டன. தான் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர். இருமல் மருந்து வாடை வீசும் நம் லயத்துக் கதையை செய்ன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வாசித்தேன். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவர் எழுத்தை எட்டிப் பார்த்து "அழகாயிருக்கிறது" என்றார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

மலையகத்துக்குப் புத்தகம் எப்படி வந்தது என்று நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள்? துரைமார் உள்ளே விடாத காலத்தில் தொழிற்சங்கம் கட்டிய நடேசய்யர் புடவை வியாபாரி வேசத்தில் தோட்டங்களுக்குள் போனதையும், அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடி, அந்தப் பாட்டுகளைப் புத்தகமாகப் போட்டதையும் கண்ணை உருட்டி உருட்டிச் சொல்வீர்கள். அதே வாயால்தானா "வாங்குறியா, வாசிக்கிறியா" என்று கேட்கிறீர்கள்?

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு போடுங்கள். மேலே இரண்டு பலகை அடித்து, உங்கள் ட்ரங்குப் பெட்டியில் பூட்டிவைத்திருக்கும் புத்தகங்களை அதில் அடுக்குங்கள். கட்டில் வேண்டாம், போட்டால் முதலில் சின்ன மாமாதான் வந்து படுப்பார். ஆணிக்கும் பலகைக்கும் காசு இந்த மாதம் அனுப்புகிறேன். மாமி பெயருக்குத்தான் அனுப்புவேன். உங்கள் பெயருக்கு வந்தால் அது கருவாட்டுச் சிப்பமாக மாறிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
சிவா