கதை சொன்னவர் பக்கத்தில் இருந்தார்

பேய்க்கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு பாக்கியம் இருந்தது: கதை சொன்னவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கும். கரண்ட் போன இரவில், திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு அத்தை ஆரம்பிப்பார். வண்டிப்பாதையில் வெள்ளைப் புடவைக்காரி ஒருத்தி வழிமறித்துச் சுண்ணாம்பு கேட்பாள், கையால் கொடுத்தால் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடுவாள், கத்தி முனையில் தடவித்தான் நீட்ட வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் ஒருவர் மடியில் ஒருவர் ஒண்டிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போக வேண்டியவன்கூட அடக்கிக்கொண்டு, அவர் முடித்ததும் "இன்னொண்ணு சொல்லுங்க அத்தை" என்று கெஞ்சுவோமே, அந்தச் சுகத்துக்கு ஈடாக எதுவும் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. மாற்று இல்லாத பேய் ஒன்றையும் அத்தை எங்களுக்குச் சொன்னதில்லை. திருநீறு, இரும்பு, தலைமாட்டில் துடைப்பம் என்று ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துத்தான் படுக்க அனுப்புவார்.

பல வருஷம் கழித்து, அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில், 2017 ஜனவரிக் குளிரில், நண்பர் வீட்டில் சில தமிழ்க் குடும்பங்கள் கூடி எச்பிஓவில் 'பிவேர் த ஸ்லெண்டர்மேன்' ஆவணப்படம் பார்த்தோம். ஐரீன் டெய்லர் பிராட்ஸ்கி எடுத்தது. ஸ்லெண்டர்மேன் என்ற, முகமே இல்லாத, கறுப்பு கோட்டு போட்ட அந்த நெட்டை உருவத்தை 2009 ஜூனில் எரிக் நட்சன் என்பவர் ஓர் இணையப் போட்டிக்காக, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒட்டி உருவாக்கினார். கற்பனை என்பதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் 2014 மே 31 அன்று, எங்கள் பக்கத்து ஊரான வாக்கிஷாவில், அவனை நிஜம் என்று நம்பிய பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் இருவர் தங்கள் தோழியைக் காட்டுக்குள் அழைத்துப் போனார்கள்; அவர்களில் ஒருத்தி, மற்றவள் தூண்ட, அவளைப் பத்தொன்பது முறை குத்தினாள். அந்தக் குழந்தை தவழ்ந்தே பாதைக்கு வந்து, சைக்கிளில் வந்த ஒருவர் கண்ணில் பட்டு, பிழைத்துக்கொண்டாள். அந்த இருவருமோ, வடக்கே நிக்கோலே காட்டில் ஸ்லெண்டர்மேனுக்கு ஒரு மாளிகை இருப்பதாக நம்பி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். அவன் சொன்னதைச் செய்யாவிட்டால் தங்கள் குடும்பத்துக்கு ஆபத்து என்று அவர்களுக்கு உறுதியான பயம். அந்தப் பயத்துக்கு ஒரு மாற்று சொல்லித்தர அவர்கள் அருகில் ஒருவரும் இல்லை.

கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் படம். பேய்ப்படம் என்று நினைத்துப் போர்வையும் பாப்கார்னுமாக உட்கார்ந்தவர்கள், விசாரணை அறையில் அந்தப் பிள்ளைகளின் சின்னக் குரலைக் கேட்டதும் அடங்கிப்போனோம். 'பாம்பி' கார்ட்டூன் படத்தில் குட்டிமானின் தாய் சாகும் இடத்தில் மகள் அழுவாளே என்று பயந்திருந்ததையும், அவளோ ஓடு ஓடு என்று குட்டிமானை விரட்டியதையும் அந்தச் சிறுமிகளில் ஒருத்தியின் தாய் படத்தில் நினைவுகூர்ந்தபோது, அறையில் இருந்த அம்மாக்கள் அனைவரும் அழுதார்கள். அந்த உருவத்தை மறுபடி மறுபடி காட்டிப் படமும் பயமுறுத்துகிறதே என்று ஒருவர் கோபப்பட்டார். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. குத்துப்பட்ட குழந்தையின் வீட்டார் படத்தில் பேசவில்லை. அந்த வெற்றிடம் கடைசிவரை உறுத்தியது.

ஆனால் எங்களை உலுக்கியது நண்பரின் மகன் சொன்னது. வயது பதினான்கு. "இதெல்லாம் அஞ்சாம் கிளாஸ்லயே பார்த்துட்டேன்பா. ஒரு வாரம் லைட் போட்டுத்தான் தூங்கினேன்."

"ஏன்டா எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

அவனுக்கென்று தனி அறை, தனித் திரை, காதில் ஹெட்ஃபோன். நாங்கள் ஒரே பாயில் ஏழு பேர் படுத்தோம். எவன் பயந்து நடுங்கினாலும் பக்கத்தில் படுத்திருப்பவனுக்குத் தெரிந்துவிடும். அந்த நெரிசலிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றத்தானே இத்தனை தூரம் வந்து, இத்தனை அறை வைத்து வீடு கட்டினோம்!

2018இல் அதே உருவத்தை வைத்து ஹாலிவுட்காரர்கள் ஒரு படம் எடுத்தார்கள். எங்கள் வட்டாரத்தில் மார்கஸ் தியேட்டர்கள் அதைத் திரையிடவில்லை. ஊர் பட்ட காயத்தை அவர்கள் மதித்தார்கள் என்று சந்தோஷப்பட்டேன். நண்பரின் மகனும் ஒப்புக்கொண்டான். கூடவே, வீட்டிலேயே எல்லாம் வருகிறதே மாமா, அதை யார் நிறுத்துவார்கள் என்று கேட்டான்.