உள்ளங்கால் புகழ்

சென்ற ஆண்டு மே மாதத்தில், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி பார்க்க வந்திருந்த கோயமுத்தூர் அம்மாள் ஒருவர், பழங்களை அடுக்கிச் செய்திருந்த யானையை விட்டுவிட்டு, என் மருமகளின் இடுப்பிலிருந்த எட்டு மாதப் பேரனையே நெடுநேரம் பார்த்து, "இந்தக் கன்னத்துக்கு இவன் சோப்பு விளம்பரத்தில் அல்லவா வரவேண்டும்!" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் அன்று மாலையே மலையிறங்கிவிட்டார்; சொன்ன வார்த்தை மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

கன்னத்தின் சிவப்பு தன் பிறந்தகத்து வம்ச விசேஷம் என்பது என் மனைவியின் கட்சி. குல்லாய்க்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே வெளியே தெரிகிற நாலு அங்குலத் தோல், நீலகிரிக் காற்றில் வேறு எந்த நிறத்தில்தான் இருக்கும் என்பது என் கட்சி.

இவ்விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல எனக்குச் சற்று யோக்கியதை உண்டு. 1960-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் உதகையில் ஸ்தாபித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவன் நான். வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுவிடும் ஆதலால் பூச்சு வேலை நடக்கும் கூடத்தில் பட்டப்பகலும் அமாவாசைதான். பிறர் முகங்கள் வெளிச்சத்துக்கு வரவேண்டும் என்பதற்காகச் சுவரைத் தடவிக்கொண்டு என் வாலிபத்தை இருட்டில் கழித்தேன். சுருளுக்கு முப்பத்தாறு படம் என்றிருந்த அக்காலத்தில், குழந்தை சிரிக்கும்வரை தகப்பன் விசையை அமுக்க மாட்டான். என் மகனோ கைப்பேசியில் ஒரே பிற்பகலில் முந்நூறு படம் எடுத்தான். முந்நூறிலும் பேரன் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

முதலில் அணுகிய ஏஜென்சிக்காரர்கள், ஆல்பம் தயாரிக்க வேண்டுமென்று எங்களிடமே பணம் கேட்டார்கள். கூலி கொடுத்து வேலைக்குச் சேரும் வழக்கத்தை நான் அறியாதவனாகையால் அதைத் தடுத்துவிட்டேன். இரண்டாவது இடத்துக்கு அனுப்பிய படங்களுக்கு ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது: சுருட்டை முடியும் பொக்கை வாயுமாக இருக்கும் அந்தக் குழந்தையை உடனே அழைத்து வரவும். அதற்குள் பழனிக்குப் போய் மொட்டையடித்தாகிவிட்டது; பற்களும் இரண்டு முளைத்துவிட்டன. "படத்திலிருந்த குழந்தை இப்போது இல்லையே" என்று நான் வாயெடுத்ததை அமங்கலமென்று மனைவி அடக்கினாள்.

இந்தச் சங்கடம் சித்திரங்களுக்கு இல்லை. அமெரிக்காவில் டோரத்தி ஹோப் ஸ்மித் என்ற அம்மையார் கரிக்கோலால் தீட்டிய பக்கத்து வீட்டுக் குழந்தை, கெர்பர் உணவின் முத்திரையாகி இன்னும் குழந்தையாகவே இருக்கிறது. அதற்கு மூலமான ஆன் டர்னர் குக் ஆங்கில ஆசிரியையாகிப் பல தலைமுறைப் பிள்ளைகளை அதட்டிவிட்டு, 2022-ல் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். நம் பார்லே-ஜி பிஸ்கட் சிறுமியும் ஓவியர் கைச்சித்திரமே என்கிறார்கள் கம்பெனியார். அவளுக்குப் பல்லும் முளைக்காது, மொட்டையும் போட முடியாது. பால்மாவு டப்பியில் குழந்தையின் படமே கூடாதென்று 1992-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லிவிட்டதால், அந்த உத்தியோகமும் மூடப்பட்டாயிற்று. சோப்பு ஒன்றே கதி.

மொட்டையானாலும் பாதகமில்லை என்று அந்த இரண்டாவது ஏஜென்சிக்காரர்கள் பெருந்தன்மையுடன் எழுதவே, புறப்பட்டோம். விளம்பரப் படத்தில் குழந்தையை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக்கூடாது. வருமானத்தில் நூற்றுக்கு இருபது பங்காவது தேசியமயமான வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போடவேண்டும் என்றெல்லாம் விதிகள் இருப்பதை மருமகள் வழியெல்லாம் எடுத்துச் சொன்னாள். அழுகையைத் தவிர வேறெந்தக் காரியத்தையும் தொடர்ந்து கால்மணி நேரம் செய்தறியாத பேரனோ, மேட்டுப்பாளையம் சாலையின் பதினான்கு கொண்டையூசி வளைவுகளில் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் அவள் புடவைக்குப் பாலாபிஷேகம் செய்துவந்தான். பர்லியாறில் ஸ்வெட்டர் கழன்றது. கல்லாறில் கன்னத்துச் சிவப்பும் கழன்றது. நான் ஜன்னல் வழியே பாக்கு மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கட்சி ஜெயித்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஸ்டூடியோ பெஞ்சில் இன்னும் மூன்று குழந்தைகள் இருந்தன. ஒன்று அழுதால் இன்னொன்று, அது தூங்கினால் மற்றொன்று என்பது அத்தொழிலின் ஏற்பாடாம்.

"இவங்கெல்லாம் யாருங்க?" என்றாள் மனைவி.

"நம்ம பையனுக்கு மாத்து."

சிறிது நேரத்தில், மாற்று என்பது நம் பையன்தான், அதிலும் மூன்றாவது மாற்று என்று தெரிந்தது.

அலங்காரம் செய்யும் பெண் பேரனின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைத் துடைக்க வந்தபோது பெரிய தர்க்கமே எழுந்தது. "ஊர்க்கண்ணெல்லாம் படப்போற எடத்துலதான் கண்ணு பொட்டு வெக்கோணும், அதையா அழிக்கிறே?" என்றாள் என் மனைவி. அதற்கு அந்தப் பெண்ணிடம் பதிலில்லை, ஆயினும் துடைத்துவிட்டாள். மனைவியும் விட்டுக்கொடுத்ததாகப் பாவனை செய்து, பைக்குள்ளிருந்து மைச்சிமிழை எடுத்து, இடது உள்ளங்காலில் ஒரு பொட்டை வைத்துவிட்டாள்.

முன்னவர் மூவரும் அழுதோ தூங்கியோ ஓய்ந்தபின் எங்கள் முறை வந்தது. விளக்குகளைப் பார்த்துப் பேரன் தும்மினான். கிலுகிலுப்பை ஆட்டினார்கள், கொட்டாவி விட்டான். என் மகன் குட்டிக்கரணம்கூடப் போட்டான். விளக்கின் வெதுவெதுப்பு குன்னூர்க் கம்பளியை நினைவூட்டியதோ என்னவோ, துவாலைக்குள் சுருண்டு நிம்மதியாக உறங்கிவிட்டான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களை மட்டும் படமெடுத்துக்கொண்டார்கள்.

சம்பளம் ஐயாயிரம். சட்டப்படி ஆயிரம் வங்கிக்குப் போயிற்று. மீதி நாலாயிரம் வாடகைக் கார்க்காரருக்குப் போயிற்று.

தை மாதம் அந்த சோப்புக் கம்பெனியின் காலண்டர் வந்தது. நடுவில் சிரிப்பது வேறு யார் வீட்டுக் குழந்தையோ. கீழ்மூலையில், நுரைக்குமிழிகளுக்கு நடுவே, ஓர் உள்ளங்கால். சுண்டுவிரல் உள்பக்கம் மடங்கியிருந்ததால், மூக்குக்கண்ணாடி இல்லாமலே இன்னாருடைய கால் என்று மனைவி சொல்லிவிட்டாள். அந்த மடங்கல் என் வம்ச விசேஷம். இதில் இரண்டு கட்சி இல்லை. ஆனால் பொட்டைக் காணோம், கம்ப்யூட்டரில் துடைத்திருக்கிறார்கள்.

அவள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் மைச்சிமிழை எடுத்து வந்து, காலண்டருக்குக் கீழே நாற்காலியைப் போட்டு ஏறினாள். ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன்.