ஒன்றா, இரண்டா: சாவிக்கொத்து டார்ச்சின் மின்கலச் சிக்கல் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தமிழர் வாழ்வில் விளக்கின் இடம் பற்றி எழுதப் புகுந்தோர் அகலில் தொடங்கி, குத்துவிளக்கு, அரிக்கேன், பெட்ரோமாக்ஸ் வரை வந்து பேனாவை மூடிவிடுவது வழக்கம். ஸ்கூட்டர் சாவியோடு தொங்கும், அமுக்கினால் எரியும் குட்டி டார்ச்சை எவரும் ஆய்வுப் பொருளாக ஏற்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த இடைவெளியின் அளவு 3.2 மில்லிமீட்டர் என்பது பின்னர் நிறுவப்படும்.

தொடக்கத்திலேயே ஒரு தருக்கக் குற்றத்தைக் களைந்தாக வேண்டும். இருட்டில் சாவியைத் தேட டார்ச் வேண்டும். டார்ச்சோ சாவியோடு இருக்கிறது. தருக்க நூலார் இதை அன்னியோன்னியாசிரயம் என்பர். அற்றேல், இக்கருவியால் பயனில்லை எனின், அன்று. இதன் பயன் சாவியைத் தேடுவதில் இல்லை. சாவித்துவாரத்தைத் தேடுவதில் உள்ளது என்க.

2. பொருளும் எல்லையும்

எல்.இ.டி. விளக்கு பொருத்திய, சாவி வளையத்தில் மாட்டக்கூடிய டார்ச்சுகள் மட்டுமே இங்கு ஆராயப்படுகின்றன. கைப்பேசியின் டார்ச் ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளது. அதையும் சேர்த்தால் ஆய்வு இந்தப் பத்தியோடு முடிந்துவிடும்.

வெள்ளை எல்.இ.டி. என்பது உள்ளபடியே நீல எல்.இ.டி. அதன்மேல் பூசிய பாஸ்பர் நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா உருவாக்கிய பிரகாசமான நீல எல்.இ.டி. 1993-இல் வெளிவந்தது. அதே நிறுவனத்தின் வெள்ளை எல்.இ.டி. 1996-இல் வந்தது. நீல எல்.இ.டி.க்காக நகமுராவும், அதே முயற்சியில் உழைத்த அகசாகி, அமானோ இருவரும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். பரிசுக்குழு சாவிக்கொத்தை மனத்தில் வைத்துத்தான் முடிவெடுத்ததா என்பது தனி ஆய்வுக்குரியது.

நமக்கு வேண்டியது இவ்வளவே: சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 2 வோல்ட் போதும். நீலம், ஆகவே வெள்ளை, நன்றாக எரிய 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே வேண்டும். வாட்ச் கடையில் கிடைக்கும் லித்தியம் பட்டன் பேட்டரி தருவது 3 வோல்ட். இந்தச் சிறு பற்றாக்குறையிலிருந்துதான் மூன்று பெரும் தரிசனங்கள் கிளைத்தன.

3. மூன்று தரிசனங்கள்

(அ) துவைதம். சி.ஆர். 2016 என்ற பட்டன் பேட்டரியின் பெயரில் 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம். 16 என்பது 1.6 மில்லிமீட்டர் தடிமன். இப்பேட்டரிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் 6 வோல்ட், தடிமன் 3.2 மில்லிமீட்டர். பற்றாக்குறை தீர்ந்தது, ஆனால் இப்போது வோல்ட் மிகுந்துவிட்டது. நியாயப்படி இடையில் ஒரு ரெசிஸ்டர் போட்டு மின்னோட்டத்தை மட்டுப்படுத்த வேண்டும். மலிவு டார்ச்சுகளில் அப்படி ஒன்றும் இராது. பட்டன் பேட்டரிக்குள் இயல்பாகவே இருக்கும் மின்தடைதான் அந்த வேலையைச் செய்கிறது. பேட்டரியின் குறையே டார்ச்சின் பாதுகாப்பு. குறையைக் குணமாகக் கொள்ளும் இந்தப் பக்குவத்தால் துவைதிகள் தொடக்கத்தில் கண்கூசும் வெளிச்சம் பெறுவர். பேட்டரி இளைக்க இளைக்க உள்தடை கூடும். வெளிச்சம் விரைவாகச் சரியும்.

(ஆ) அத்வைதம். அதே 3.2 மில்லிமீட்டர் இடத்தில் சி.ஆர். 2032 ஒன்றே ஒன்றை வைப்பது. பல டார்ச்சுகளில் இரண்டு மதத்தாருக்கும் கருவறை ஒன்றுதான். ஒற்றைப் பேட்டரியின் 3 வோல்ட்டில் வெள்ளை எல்.இ.டி. தயங்கித் தயங்கியே எரியும். ஆனால் நெடுநேரம் எரியும். சிவப்பு எல்.இ.டி. என்றால் தயக்கமும் இல்லை.

துவைதியின் வாதம்: இரண்டு என்பது ஒன்றைவிடப் பெரிது. இது கணக்கிட்டு மறுக்கப்படுகிறது. சி.ஆர். 2016-இன் கொள்ளளவு சுமார் 90 மில்லி ஆம்பியர் மணி. இரண்டு சேர்ந்து 6 வோல்ட்டில் தருவது ஏறத்தாழ 540 மில்லி வாட் மணி. சி.ஆர். 2032-இன் கொள்ளளவு சுமார் 225 மில்லி ஆம்பியர் மணி. 3 வோல்ட்டில் ஏறத்தாழ 675 மில்லி வாட் மணி. ஒரே இடத்தில் இரண்டைவிட ஒன்று அதிகம். காரணம் எளிது: ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் வைத்தால் இரண்டு அடுக்களைக்கு இடம் போய்விடுகிறது. இரண்டு உறை, இரண்டு மூடி, இரண்டு தடுப்புத்தாள் எல்லாம் ரசாயனத்துக்கு உரிய இடத்தை விழுங்குகின்றன.

இரு தரப்பாரும் மறைக்கும் உண்மை ஒன்றுண்டு. சி.ஆர். 2032-இன் கொள்ளளவு சுமார் 0.2 மில்லி ஆம்பியர் போன்ற சொற்ப மின்னோட்டத்தில் அளக்கப்படுவது. கணினியின் கடிகாரத்தை ஆண்டுக்கணக்கில் ஓட்டப் பிறந்த பொருள் அது. எல்.இ.டி. 20 மில்லி ஆம்பியர் கேட்கும்போது அதன்மேல் நூறு மடங்கு சுமை ஏறுகிறது. அப்போது அட்டையில் அச்சிட்ட கொள்ளளவு முழுவதும் கைக்கு வராது.

(இ) விசிஷ்டாத்வைதம். ரிமோட்டில் போடும் ஒல்லிக் கட்டை, அதாவது ட்ரிபிள் ஏ பேட்டரி, 1.5 வோல்ட் மட்டுமே தருவது. அதை மட்டும் வைத்து வெள்ளை எல்.இ.டி.யை எரிய வைக்க இயலாது. எனவே ஒரு சிறு கம்பிச்சுருளும் வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டரும் சேர்ந்து வோல்ட்டை உயர்த்துகின்றன. ஒன்றுதான், ஆயினும் அடையோடு கூடிய ஒன்று. ரிமோட்டில் உயிர் போய்விட்டது என்று கைவிட்ட கட்டையிலும் எஞ்சிய சாரத்தை உறிஞ்சுமளவு இந்தச் சுற்று கருணை மிக்கது. கட்டை 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் பல சுற்றுகள் விடா. கொள்ளளவும் 1000 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டி நிற்பது. விலை: எடை. பட்டன் பேட்டரி 3 கிராம். அல்கலைன் ஒல்லிக் கட்டை 11 கிராமுக்கு மேல். நீளம் 44.5 மில்லிமீட்டர். சட்டைப்பையில் இது தன் இருப்பை மறக்கவிடாது.

இவை தவிர மூன்று சிறு பட்டன் பேட்டரிகளை அடுக்கி 4.5 வோல்ட் எடுக்கும் மும்மூர்த்தி மரபு தெருவோரக் கடைகளில் செல்வாக்குடன் திகழ்கிறது. அந்தக் குட்டி பட்டன்களின் கொள்ளளவு மிகக் குறைவாதலால் அம்மரபில் அருள் விரைவு, ஆயுள் குறைவு. யு.எஸ்.பி. வழியே சார்ஜ் ஏற்றும் டார்ச்சுகள் மறுபிறவிக் கொள்கையைச் சேர்ந்தவை. பிறவிதோறும் கொள்ளளவு சிறிது தேய, சில நூறு பிறவிகளுக்குப்பின் அவை வீடுபேறு அடைகின்றன.

4. எரிநேரம் எதுவரை?

எந்தப் பேட்டரி எத்தனை மணி நேரம் எரியும் என்று கேட்போர், எரிதல் எப்போது முடிகிறது என்று கேட்பதில்லை. சி.ஆர். பேட்டரி டார்ச் பொட்டென்று அணைவதில்லை. மங்கி, மேலும் மங்கி, இருட்டில் தன்னை மட்டும் காட்டிக்கொள்ளும் நிலையை அடைந்து, அந்நிலையிலேயே மணிக்கணக்கில் நிற்கும். இதை எரிகிறது எனலாமா?

இந்தச் சிக்கலைத் தமிழகம் முன்பே சந்தித்திருக்கிறது. சோழர் கல்வெட்டுகளின்படி, அணையாத ஒரு நொந்தா விளக்கு எரிய ஆடுகள் விடப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றுக்குப் பொறுப்பேற்றவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. மூத்தது போனால் குட்டி அந்த எண்ணிக்கையை நிரப்பும் என்பது ஏற்பாடு. மங்காத வோல்ட், குறையாத கொள்ளளவு, தானே சார்ஜ் ஏறும் மந்தை. எரிநேரம்: சந்திரனும் சூரியனும் உள்ளவரை. இதற்கிணையான உத்தரவாதத்தை எந்த பேட்டரி உற்பத்தியாளரும் இன்றுவரை அட்டையில் அச்சிடத் துணியவில்லை.

அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான ஆன்ஸி 2009-இல் வெளியிட்ட எஃப்.எல்.1 தரவரையறை சற்று அடக்கமானது. டார்ச்சை ஏற்றி 30 வினாடி கழித்து ஒளியை அளக்க வேண்டும். அது பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள காலமே எரிநேரம். ஆக, ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு சாகும்வரை டார்ச் சட்டப்படி உயிரோடு இருக்கிறது. ஒளிவீச்சின் தூரத்தை அளக்கவும் அதே தரவரையறை 0.25 லக்ஸ் என்ற எல்லையைக் கொள்கிறது. அது தெளிந்த வானில் முழுநிலவு தரும் ஒளியளவு. சோழர் நிலாவைக் காலத்துக்குக் கொண்டனர், அமெரிக்கர் தூரத்துக்குக் கொண்டனர் என்பதே வேறுபாடு.

பத்தில் ஒரு பங்கு ஏமாற்று வேலை அல்லவா எனின், முற்றிலும் அன்று. ஃபெக்னர் 1860-இலேயே காட்டியபடி நம் புலன்கள் தூண்டலை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. ஒளி மெல்ல மெல்லப் பாதியானால் கண் அதைக் கவனிப்பதே அரிது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி வரை ஆகும். பழகியபின் செத்த டார்ச்சும் சூரியன்தான். ஆகவே துவைத டார்ச்சின் சரிவைப் பயனாளர் உணர்வதில்லை. புதிய பேட்டரி போட்ட அன்றுதான் பழையது எப்போதோ இறந்துவிட்டது தெரிகிறது. ஒல்லிக்கட்டை டார்ச்சிலோ நல்ல சுற்று ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் தாங்கிப் பிடித்துக் கடைசியில் சட்டென்று கைவிடும். மங்கலுக்கும் திடீர் இருட்டுக்கும் இடையே தேர்ந்தெடுப்பது அவரவர் மனப்பக்குவம்.

5. மரபுவழிச் சிகிச்சைகள்

செத்த கட்டையை வெயிலில் காயவைத்தல், தரையில் தட்டுதல், உள்ளங்கையில் உருட்டுதல், பல்லால் கடித்தல் ஆகிய நான்கும் வழக்கிலுள்ளன. வெயில் வேதிவினையைச் சற்று விரைவாக்கும். ஓய்வு கிடைத்ததால் துத்தநாகக் கட்டை சிறிது தேறும். உருட்டினால் முனையில் படிந்த அழுக்கு கலையும். நான்காவது முறைக்கு இயற்பியல் ஆதரவு பலவீனம். எனினும் கட்டையின் மேலுள்ள பல் தடங்கள் எதிர்காலத் தொல்லியலாருக்குக் காலக்கணிப்பில் உதவும்.

பட்டன் பேட்டரிக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. இங்கு ஆய்வேட்டின் விளையாட்டை நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கினால், ஈரமான உணவுக்குழாயில் மின்னோட்டம் காரத்தை உண்டாக்கி, இரண்டு மணி நேரத்திலேயே கடும் புண்ணாக்கக்கூடும். திருகாணி இல்லாமல் நகத்தால் திறக்கும் டார்ச்சை எந்தத் தத்துவத்தாலும் நியாயப்படுத்த இயலாது.

6. கண்டடைவு

மேற்கண்ட வாதங்கள் யாவும் ஓர் அடிப்படைப் பிழையில் நிற்கின்றன: டார்ச் எரிவதால் பேட்டரி தீர்கிறது என்ற நம்பிக்கை. சாவித்துவாரம் தேட நாளொன்றுக்கு 30 வினாடி தாராளம். பத்து மணி நேரம் எரியக்கூடிய டார்ச் எனக் கொண்டால் 36,000 வினாடி. 1,200 நாள், அதாவது மூன்று ஆண்டுக்கு மேல். அத்தனை காலம் எந்தச் சாவிக்கொத்து டார்ச்சும் ஒழுங்காக எரிந்து முடிவதில்லை. கைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் டிபன் பாக்ஸுக்கும் இடையே அமுங்கி, ஓர் இரவு எட்டு மணி நேரம் யாருக்கும் தெரியாமல் எரிந்தால் 28,800 வினாடி போயிற்று. 960 நாள் வெளிச்சம் டிபன் பாக்ஸுக்குக் கிடைக்கிறது.

அமுங்காமல் தப்பினாலும் காத்திருப்பு கொல்லும். லித்தியம் பட்டன் பேட்டரி சும்மா இருந்தால் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு அளவே இழப்பது. காத்திருப்பதில் அதற்கு நிகரில்லை. பழைய வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டைகள் ஒரே மாதத்தில் நாலில் ஒரு பங்கைத் தாமே குடித்துவிடும். அல்கலைன் கட்டை நெடுநாள் இருக்கும்; மறந்துபோனால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கசியவிட்டு, டார்ச்சின் வயிற்றில் வெள்ளைப் பொடி பூத்துக் கிடக்கும். சித்திரை வெயிலில் பைக்கின் சாவியோடு நாள் முழுதும் தொங்கினால் எல்லா வகையிலும் இழப்பு விரைவாகும். ஆகவே சாவிக்கொத்து டார்ச்சின் பேட்டரிக்குத் தேவைப்படும் தகுதி எரிவது அன்று. எரியாமல் நெடுங்காலம் பொறுத்திருப்பது.

இதன்படி, தற்செயலாக அமுங்காத திருகு சுவிட்ச், லித்தியம் பேட்டரி, திருகாணி மூடி ஆகிய மூன்றும் அமைந்ததே உத்தமம். வெளிச்சம் வேண்டுவோர் துவைதத்தையும், பொறுமை உள்ளோர் அத்வைதத்தையும், சட்டைப்பை ஆழமுள்ளோர் விசிஷ்டாத்வைதத்தையும் கொள்க.

7. எதிர்வாதம்

இம்முடிவுகள் சென்னை ரிச்சி தெருவின் சிறு கடையொன்றில் ஆய்வாளரால் முன்வைக்கப்பட்டன. கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். “அண்ணே, அப்ப இதுக்கு 2032 ஒண்ணு குடுங்க” என்றதும் டார்ச்சை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“பேட்டரிக்கு என்ன சார் காசு குடுக்கப் போறீங்க? அதே காசுல புது டார்ச்சே வந்துரும். உள்ளயே பேட்டரி இருக்கு.”

உடலோடு உயிரும் போயிற்று, அதற்கப்பால் ஒன்றுமில்லை என்ற உலகாயத மதம் அந்தத் தெருவில் மொத்த விலைக்கே கிடைக்கிறது. மூன்று தரிசனத்தாரும் அவருக்கு இன்னும் மறுப்புரை எழுதவில்லை. ஆய்வாளர் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டார்.