தீப்பொறி பறக்கும் சுவர்

கம்மாபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது படிக்கக் கிடைப்பது எதிர்ச்சுவர்தான். மைதாப் பசையில் போஸ்டர்மேல் போஸ்டர். முகம் மட்டும் மாறும். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு, கையில் அரிவாள், சுற்றிலும் தீப்பொறி. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை டன் டன்னாக வெட்டி எரிக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து டிபன் பாக்ஸோடு வருகிறவர் மேல் ஒரு பொறி பறந்து நான் பார்த்ததில்லை. சுவரில் இருப்பவருக்குச் சும்மா நின்றாலே பறக்கிறது.

கதாநாயகி அவர் தோளுக்குப் பின்னால், தபால்தலை அளவில்.

2018-இல் ‘சர்கார்’ முதல் போஸ்டரில் விஜய் வாயில் சிகரெட். சுகாதாரத் துறை நோட்டீஸ் விட்டது, போஸ்டர் இறங்கியது. அரிவாள் உடம்புக்குக் கெடுதல் இல்லை போலிருக்கிறது.

அதே விஜய், 2020 பிப்ரவரியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்புக்கு நெய்வேலி வந்தபோது, வேன் மேல் ஏறிக் கூட்டத்துக்கு முதுகு காட்டி ஒரு செல்ஃபி எடுத்தார். பொறி இல்லை, நீலம் இல்லை. பின்னால் ஜனம் மட்டும். ஊரே பேசியது. டிசைனர் சம்பளமும் மிச்சம்.

அந்தப் பாடம் எங்கள் பிளக்ஸ் கடைவரை வந்து சேரவில்லை. போன மாதம் ஒரு காதுகுத்து. பேனர் நடுவில் தாய்மாமன், கூலிங் கிளாஸ், பின்னால் சிங்கம், வழக்கமான நெருப்பு. காது குத்திக்கொள்ளும் குழந்தை, கதாநாயகி இடத்தில்.

“தம்பி, புள்ள மொகத்தக் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாமே?”

“செலவு யாருதுண்ணே?”