கூரஸ் தெருவில் கால் வைக்கும் முறை: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஸ்காட்லாந்தின் அழகிய கிராமங்களைப் பற்றி எழுதியோர் எல்லாரும் கண்ணாலேயே எழுதினார்கள். காவிச் சுவர், சிவப்பு ஓடு, ஜன்னலோரப் பூந்தொட்டி என்று வருணித்துவிட்டுப் பஸ் ஏறினார்கள். காலைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்களம், ஃபோர்த் கழிமுகத்தின் வடகரையில் ஃபைஃப் வட்டாரத்தைச் சேர்ந்த கூரஸ். இங்கே கல் பாவிய சந்துகளின் நடுவில் மட்டும் தட்டையான கற்களைச் சற்றே உயர்த்திப் பதித்திருக்கிறார்கள். அந்நாளில் ஊர்ப் பெரியமனிதர்கள் கால் நனையாமல் நடுக்கல்லில் நடந்தார்கள். மற்றவர்கள் ஓரத்துச் சேற்றில் நடந்தார்கள். அற்றேல், இரண்டு பெரியமனிதர்கள் எதிரெதிரே வந்தால் இறங்குவது யார் எனின், அங்கேதான் சமூகவியல் வாயடைத்து நிற்கிறது.

இன்று நடுக்கல்லில் நடப்பவர் சுற்றுலாப் பயணி. படம் கோணாமல் விழவேண்டுமே என்று தெருவின் நட்ட நடுவிலேயே நிற்கிறார். உள்ளூர்க்காரர் கடைப்பையோடு ஓரமாக ஒதுங்கிப் போகிறார். ஆகவே பெருமக்கள் என்னும் வகுப்பு அழிந்துவிடவில்லை, கைபேசி வாங்கிக்கொண்டது என்பது பெறப்படும். 'அவுட்லேண்டர்' தொடரில் கிரேன்ஸ்மூர் என்று காட்டிய ஊர் இதுதானா என்று தேடி வருவோரையும் அவ்வகுப்பில் அடக்குக. ஆக நெடுநேரம் நிற்பவர்கள் அவர்களே.

மூலவகுப்புக்குத் தலையாய சான்று சர் ஜார்ஜ் புரூஸ். 1597 முதல் 1611 வரை இங்குள்ள காவிநிற மாளிகையைக் கட்டியவர். கடலுக்கடியில் நிலக்கரி தோண்டியவர். 1617இல் வந்த ஆறாம் ஜேம்ஸ் மன்னரைச் சுரங்கத்துக்குள் அழைத்துப்போய், கடல் நடுவே இருந்த மறுவாசலில் மேலேற்றினாராம். நாலாபுறமும் தண்ணீரைக் கண்ட மன்னர், துரோகம் என்று அலறினார் என்பது கதை. இதைச் சதியச்சம் என்று கொள்வது மேலோட்டமான வாசிப்பு. அடுத்த அடியை எங்கே வைப்பதென்று தெரியாத ஒருவரின் நியாயமான கூச்சல் அது. 1625இல் புயல் அடித்துச் சுரங்கம் மூழ்கியதால் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க வழியில்லை, மன்னரும் கிடைக்கமாட்டார்.

மாளிகைத் தோட்டத்தில் ஸ்காட்ஸ் டம்பி என்னும் கோழியினம் மேய்கிறது. கால் மிகக் குட்டை. இது நம் கொள்கைக்குத் துணைச்சான்றா, எதிர்ச்சான்றா என்று முடிவாகவில்லை. ஆனாலும் கோழியை விட மனமில்லை.

கூரஸிலிருந்து எடின்பரோ போகும் வழியில், 2022இல் நகரமாக உயர்த்தப்பட்ட டன்ஃபெர்ம்லின் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் மன்னரின் இதயத்தை மெல்ரோஸ் மடாலயத்திலும் உடலை இங்கேயும் அடக்கம் செய்தார்கள். இதயம் பிரிந்து போனாலும் கால் போனதாகச் செய்தி இல்லை; ஆகவே கால் இரண்டும் இவ்வூரில்தான் என்பது அளவையியலால் துணியப்படும். வழிகாட்டிகள் ஏனோ இதைச் சொல்வதில்லை.

எடின்பரோவில் கோட்டையும், ஞாயிறும் சில விடுமுறைகளும் தவிர நாள்தோறும் பகல் ஒரு மணிக்கு வெடிக்கும் பீரங்கியும் கண்ணுக்கும் காதுக்கும் உரியன; ஆதலின் விடுக்கப்பட்டன. காலுக்குரியது ராயல் மைல் தெரு. அங்கே தத்துவஞானி டேவிட் ஹ்யூம் வெண்கலமாய் உட்கார்ந்திருக்கிறார். அற்புதங்களை நம்ப ஆதாரம் போதாது என்று வாதிட்டவர். அவருடைய கால் பெருவிரலைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று போவோர் வருவோர் தேய்த்துத் தேய்த்து, சிலை முழுதும் மங்கிக் கிடக்க அந்த விரல் மட்டும் பொன்னாய் மின்னுகிறது. வாதத்தில் தோற்காதவரைக் காலில் விழுந்தே தோற்கடித்துவிட்டார்கள்.

அருகே, செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தை ஒட்டி, தரையில் இதய வடிவில் கல் பதித்திருக்கிறது. பழைய சிறைச்சாலை நின்ற இடம். உள்ளூர்க்காரர்கள் அதில் எச்சில் துப்பிவிட்டுப் போவார்கள், அதுவும் அதிர்ஷ்டத்துக்குத்தான். விவரம் அறியாத புதுமணத் தம்பதிகளோ, காதல் சின்னம் என்றெண்ணி அதன்மேல் ஏறி நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். இவர்களுள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவர் உளரெனில் தனி வகையாகக் கொள்க. அவர்களைப் பேட்டி காண ஆய்வாளர் கிட்டே போவதாக இல்லை.