கேட்டுப் பாப்பமே அண்ணன்

அண்ணி முழுகாமல் இருக்கிறார் என்று தெரிந்த மறுநாளே அண்ணன் ஹட்டன் டவுனுக்குப் போய் அளவு நாடா ஒன்று வாங்கி வந்துவிட்டார். பிள்ளை பிறப்பதற்குள் பாத்ரூமைத் திருத்தப் போகிறாராம். நாடா வாங்கியதுதான் இந்த விஷயத்தில் அவர் தானாக எடுத்த கடைசி முடிவு.

மிச்சமெல்லாம் "எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுப் பாப்பமே" தான். முதலில் ஹாட்வெயார் கடை முதலாளி. "இப்பவே கட்டிப்போடுங்க, சீமெந்து வெல நாளைக்கு என்னாகும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அவர். 2022இல் மூட்டை 3,000 ரூபாயைத் தாண்டிப் போனதை இங்கே மறந்தவர் யாருமில்லை. அண்ணன் தலையாட்டிவிட்டு நேராக மாமியாரிடம் வந்தார். "புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல அலவாங்கு போடுறதா? நல்லாருக்கே!" என்றார் அந்தம்மா. ஆக, ஒன்றுக்கு ஒன்று.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ், "வழுக்குற தரையையாவது மொதல்ல சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். இரண்டுக்கு ஒன்று ஆகிவிட்டதே! அன்றிரவு அண்ணனுக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் கோயில் பூசாரியைப் பிடித்து, "தீட்டுக் கழியட்டும், பாத்துக்கலாம்" என்ற வாக்கை வாங்கிய பிறகுதான் தேத்தண்ணியில் வாய் வைத்தார்.

முடிவெடுக்கவா கேட்கிறார் மனுஷன்? தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசாவது ஒரு பக்கம் சாயும், தோட்டக் கம்பனி பக்கம். அண்ணனின் தராசு எந்தப் பக்கமும் சாயாது. சாய்கிற மாதிரித் தெரிந்தால் எதிர்க்கட்சி ஆள் தேடி நோர்வூட் வரைக்கும் பஸ் ஏறுவார். பஸ்ஸில் கண்டக்டரையும் கேட்பார். மிச்சக் காசு எண்ணுகிற அவசரத்தில் கண்டக்டர் "ஆமா, ஆமா" என்றதும் கணக்கில் சேர்ந்தது.

அண்ணியைக் கேட்கவில்லை என்று சொன்னால் பாவம் பிடிக்கும். கார்த்திகையிலேயே கேட்டார். ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டே "கட்டுங்க" என்றார் அண்ணி. அதையும் ஒரு வாக்காக எழுதிக்கொண்டார், கண்டக்டருக்குச் சமமாக.

பாத்ரூம் என்கிறேனே, அதை நீங்கள் பார்க்க வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்ணில் வெட்டிய படியில் இறங்கினால் நாலு தகரம், ஒரு பலகைக் கதவு. கதவுக்குக் கொண்டி கிடையாது. உள்ளே போனவர் ஒரு கையால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் மற்றக் காரியமெல்லாம். தரை முழுக்கப் பாசி. தண்ணீர் பீலியிலிருந்து வாளியில் போக வேண்டும். தை, மாசி வெயிலில் கையை வைத்திருந்தால் சீமெந்து கல்லாக இறுகியிருக்கும். அப்போது அண்ணன் வாக்கு எண்ணிக்கொண்டிருந்தார். மே மாதம் கழிந்தால் இந்தப் பக்கம் துவைத்த துணியே காயாது, பூசின சுவர் எங்கே காய? அந்த மழையில், எட்டு மாத வயிற்றோடு, ஒரு கையில் வாளியும் ஒரு கையில் டோர்ச்சுமாக அண்ணி அந்தப் படியில் இறங்கினார். திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து, குனிய முடியாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கச் சொன்னார். அதைப் பார்த்த பிறகு எனக்கு அண்ணனைக் கண்டால் சிரிப்பு வருவதில்லை. இந்த மனுஷனைப் பிடித்து நாலு கேள்வி கேட்க ஊரில் ஒருவருமில்லையா?

தோட்ட ஆபீசில் கேட்டதில் மட்டும் அவர்மேல் குற்றமில்லை. லயம் நம்முடையதா என்ன? வெள்ளைக்காரன் கட்டினான், எழுபதுகளில் அரசாங்கம் எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் போனது. இத்தனை கை மாறியும் குடியிருக்கிறவன் கைக்கு வரவில்லை. 7 பேர்ச்சில் தனி வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் லயத்துக்கு அது இன்னும் பேச்சாகத்தான் இருக்கிறது. அண்ணனின் அப்பாவும் தாத்தாவும் கூரைத் தகரத்தின் ஓட்டையை அடைக்கக்கூடத் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றவர்கள். கேட்டுக் கேட்டே வளர்ந்த வம்சம், கேட்காமல் ஒரு ஆணி அடிக்கவும் கை நடுங்குகிறது. அதை நினைத்தால் என் கோபம் பாதி இறங்கிவிடும்.

மீதிப் பாதி இறங்காததற்குக் காரணம், தோட்டத் தொரை மாசியிலேயே "சரி, கட்டிக்கொள்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் முகம் வெளிறிப் போனது. அந்த எடைக்கு எதிர்ப்பக்கம் யாரைத் தேடுவது?

ஆனியில் பெண் குழந்தை. டிக்கோயா ஆஸ்பத்திரியில்தான், 2017இல் மோடி வந்து திறந்து வைத்தாரே, இந்தியா கட்டிக் கொடுத்த 150 கட்டில் ஆஸ்பத்திரி, அங்கே. பிள்ளையைப் பார்க்கப் போன அண்ணன் ஆஸ்பத்திரி டொய்லட்டின் நீள அகலத்தையும் நாடாவில் எடுத்து வந்தார்.

மலிவாக வருகிறது என்று மாமா ஒருவர் சொன்னதில் கொமட் ஒன்று வாங்கியாகிவிட்டது. பெட்டி பிரிக்காமல் முன் காம்பராவில் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பிள்ளை பார்க்க வருகிறவர்கள் சோப்பையும் பவுடரையும் அதன்மேல்தான் வைக்கிறார்கள். அண்ணன் அவர்களை உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, பிள்ளை ஆணா பெண்ணா என்று அவர்கள் கேட்பதற்குள் ஆரம்பித்துவிடுவார்: "நீங்களே சொல்லுங்க, கொமட்டு நல்லதா, இல்ல குந்துறதே போதுமா?" நேற்று வரைக்கும் சரிக்குச் சரி.