அஞ்சல் அதிகாரியின் அதிகாலை

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே, தினமும் கொஞ்சம் எழுதி ஒரு நாவலை முடிக்க முடியுமா?

பதில்: ஒன்றென்ன, 47 நாவல் எழுதியவரே இருந்திருக்கிறார்! இங்கிலாந்தின் ஆண்டனி டிராலப். 33 வருடம் அஞ்சல் துறை உத்தியோகம். அதற்கு நடுவிலேயே நிறைய எழுதினார்.

விடிகாலை 5.30-க்கு மேசைக்கு வந்துவிடுவார். எழுப்பிக் காபி கொடுக்கும் வேலையாளுக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். மனஉறுதியை மட்டும் நம்பிப் படுக்கப் போகவில்லை பாருங்கள், அங்கேதான் மனிதர் ஜெயித்தார். முதல் அரை மணி நேரம், முந்தின நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள். காலைச் சாப்பாட்டுக்குள் அன்றைய பங்கு முடிந்துவிடும்.

அப்புறம்தான் ஆபீஸ்.

வெளியூர் வேலை என்றால்? ரயிலிலேயே, மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதுவார். மனைவி படியெடுத்துத் தருவார்.